மேட்டு வீட்டார் பெயர்

எங்கள் ஸ்கார்ஹேவன் கரையில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் ஃபிண்ட்லே. மீதியில் பாதி ஸ்லேட்டர். ஆளை அடையாளம் சொல்லப் பட்டப்பெயர்தான் வழி. குருவி ஃபிண்ட்லே, கஞ்சி ஃபிண்ட்லே, நெட்டை ஸ்லேட்டர் என்று கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஒரே ஒரு குடும்பத்துக்கு மட்டும் பட்டப்பெயர் வந்த காரணம் வேறு. அவர்களுடைய சொந்தப் பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை. டால்கார்வி என்பது அந்தப் பெயர். கடலுக்குக் கிளம்பும் ஆள் காதில் அது விழுந்தால் அன்றைக்குப் படகு போகாது. தவறிக் காதில் விழுந்துவிட்டால் கைக்கு எட்டிய இரும்பைத் தொடவேண்டும், பூட்ஸ் ஆணியோ கதவுக் கீலோ எதுவானாலும். பாறை மேட்டின் உச்சியில் வீடு இருந்ததால் அவர்களை மேட்டு வீட்டார் என்போம். தபால்காரர் கடிதம் கொண்டுவந்தால்கூட "மேட்டுக்கு ஒண்ணு" என்றுதான் சொல்வார்.

அந்த வீட்டுப் பெண் இஸ்பெல். அவளைக் காதலித்து, வீட்டில் சண்டை போட்டு, கட்டிக்கொண்டவன் குருவி ஃபிண்ட்லே வீட்டு ஆலிக். அப்போதிருந்த பழைய போதகர் எங்கள் ஊர்ச் சுபாவம் தெரிந்தவர். கல்யாண அறிவிப்பை வாசித்தபோது பெண்ணின் பெயர் வந்த இடத்தில் பலமாக இருமிவிட்டார். எல்லோரும் நன்றியோடு தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஆலிக்கின் வீடும் என் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டவை. நான் கல்யாணம் கட்டாதவள், வலை பின்னிப் பிழைக்கிறவள். பெத்தியா என்று என் பெயர். அந்த வருஷம் மே மாதத்தில் இஸ்பெலுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்ததிலிருந்து அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது என் வேலையாயிற்று. பிள்ளை பெற்றவள் கோயிலுக்குப் போய் வரும்வரை கிணற்றுக்குப் போகக்கூடாது, பிறர் வீட்டுப் படி மிதிக்கக்கூடாது. மிதித்தால் அந்த வீட்டுக்கு ஆகாது. கோயிலுக்கோ பிள்ளையின் ஞானஸ்நானத்தன்றுதான் போகமுடியும். ஞானஸ்நானமோ தள்ளிக்கொண்டே போனது.

காரணம் பிள்ளைக்கு வைக்கவேண்டிய பெயர்.

எங்கள் பக்கம் பெயர் வைப்பதில் யாருக்கும் சுதந்திரம் கிடையாது. மூத்த பெண்ணுக்குத் தாயைப் பெற்றவள் பெயர். மூத்த பையனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயர். இரண்டாவது பையனுக்குத் தாயைப் பெற்றவர் பெயர், அதுவும் குடும்பப் பெயரோடு முழுசாக. இஸ்பெலின் மூத்த பெண் மார்கரெட் ஸ்லேட்டர் ஃபிண்ட்லே. கல்யாணமானாலும் எங்கள் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை என்பதால் செத்துப்போன இஸ்பெலின் அம்மா கடைசிவரை ஸ்லேட்டர்தான், சிக்கல் வரவில்லை. அடுத்தவன் மாமனார் பெயரில் கில்பர்ட். இப்போது பிறந்ததும் பையன். அவன் ஆர்ச்சிபால்ட் டால்கார்வி ஃபிண்ட்லே ஆகவேண்டியவன்.

கோயிலில், ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது, போதகர் அதை உரக்கச் சொல்லவேண்டும். கடைசியாகக் குறித்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே படகுகள் ஹெரிங் மீன் பிடிக்க ஷெட்லாண்டுக்குக் கிளம்புகின்றன. பழைய போதகர் போய்விட்டார். எடின்பரோவிலிருந்து வந்திருந்த புதியவருக்கு இருமலே வராது.

ஒரு மத்தியானம் நான் வாளியோடு உள்ளே போனபோது மாமனார் கில்பர்ட் அடுப்பருகே நின்றிருந்தார். வலைகளைக் காசுக்கட்டிச் சாயத்தில் முக்கி எடுத்துவிட்டு வந்தவர், முழங்கைவரை செம்பழுப்பு. மாமியார் எல்ஸ்பெட் மூலையில் உட்கார்ந்து கடல் பூட்ஸுக்குள் போடும் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஆர்ச்சிபால்டுன்னு வையி. நான் வேண்டாங்கல. அதோட நிறுத்திக்க," என்றார் கில்பர்ட்.

"அது யாரு பேரு மாமா? இந்தத் தெருவிலேயே நாலு ஆர்ச்சிபால்ட் இருக்காங்க. கஞ்சி வீட்டுப் பூனைக்குக்கூட அதான் பேரு."

"உங்கப்பா பேருன்னு நீ மனசுல நெனச்சுக்க."

"உங்க பேரை மூத்தவனுக்கு வெச்சப்போ மனசுலயா நெனச்சீங்க? கில்பர்ட் ஃபிண்ட்லே, கில்பர்ட் ஃபிண்ட்லேன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்களே."

"என் பேரைச் சொன்னா படகு நிக்காதும்மா." அவர் குரல் கடுமையாக இல்லை, களைப்பாக இருந்தது. "எனக்குக் கோவம் உன் மேல இல்ல. ஏழு ஆளு என் படகுல. அதுல ஒருத்தன் கேட்டுட்டாலும் எறங்கிப் போயிருவான். ஒருத்தன் போனா எல்லாரும் போவான். படகை நானும் ஆலிக்கும் தள்ளிட்டா போறது?"

இஸ்பெல் மூலையைப் பார்த்தாள். "அத்தை, நீங்களாவது சொல்லுங்க."

"ஆம்பளைங்க படகு விஷயம் பேசறாங்க," என்றாள் எல்ஸ்பெட், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் சொல்ல என்ன இருக்கு."

"அப்ப எங்கப்பாவைப் போய் ஒரு எட்டு பாத்துட்டு வரேன். நெஞ்சு கட்டிக் கிடக்கறாரு. பெத்தியாக்கா தினமும் வந்து சொல்றாங்க."

"கோயிலுக்குப் போகாம முடியாது," என்றாள் மாமியார்.

"கோயிலுக்குப் போகணும்னா பேரு வைக்கணும். பேரு வைக்கணும்னா..."

"எங்கம்மா செத்தப்போ ஆலிக் பொறந்து பத்து நாளு," என்றாள் எல்ஸ்பெட். "மூணாவது வீடுதான். சவத்தைத் தூக்கிட்டுப் போறதை இந்த ஜன்னல்லேந்து பாத்தேன். படியைத் தாண்டல. முறைன்னா முறை."

நான் வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வெளியே வந்தேன்.

மேட்டுக்குப் போகும் பாதை செங்குத்தானது. புகை போட்ட ஹாடக் மீனையும் உருளைக்கிழங்கையும் பால் விட்டுக் காய்ச்சி, மூடி போட்ட தூக்கில் கொண்டுபோவேன். இஸ்பெலின் அப்பா, கிழவர் ஆர்ச்சிபால்ட், நாற்பது வருஷம் பீப்பாய்க் கிடங்கில் இரும்புப் பட்டை அடித்தவர். எந்தப் படகிலும் ஏற்றமாட்டார்கள் என்பதால் மேட்டு வீட்டு ஆண்களுக்கு அந்தக் கிடங்கை விட்டால் வேறு வேலை கிடையாது. ஊரார் உப்புமீன் எல்லாம் அவர் செய்த பீப்பாயில்தான் ரஷ்யாவுக்கும் ஜெர்மனிக்கும் போனது. அதில் யாரும் கெடுதல் பார்க்கவில்லை.

"சூப்புல மிளகு போடலியா?" என்பார் முதலில்.

"இருமல்காரருக்கு மிளகு எதுக்கு?"

"இருமல் அது பாட்டுக்கு இருக்கு. நாக்கு இன்னும் சாகல."

நாலு கரண்டிக்கு மேல் இறங்காது. தலையணையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு பேசுவார். ஒருநாள் நானே கேட்டேன், இந்தப் பெயர் எப்படித்தான் இப்படி ஆனது என்று. எங்கள் வீட்டில் கேட்டால் கெட்டது என்பார்கள், அவ்வளவுதான் தெரியும்.

"நாங்க கடல்காரங்களே இல்லம்மா. உள்ளே மலைப்பக்கம், ஆத்தோரம் ஒரு கரட்டு நிலம். டால்கார்வின்னா அதான் அர்த்தம், கரட்டு வயல். பயப்படாதே, நீ பொம்பளை, இங்க இரும்புக் கெட்டில் இருக்கு, தொட்டுக்க."

நான் தொட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"ஜமீன்காரன் அந்த நெலத்துல ஆட்டை மேய விட்டான், ஆளை வெரட்டினான். என் பாட்டன் ஒரு பசுவையும் பொண்டாட்டியையும் ஓட்டிக்கிட்டு இங்க வந்தான். மேட்டு மேல துண்டு நெலம் குடுத்து, மீன் பிடிச்சுப் பொழைச்சுக்கோன்னான் இந்த ஊரு ஜமீன் ஏஜெண்டு. கடலையே அப்பத்தான் பாக்கறான் பாவம். முதல் வருஷம் நெட்டை ஸ்லேட்டர் வீட்டுப் படகுல சேத்துக்கிட்டாங்க. ஒருநாள் காலைல பசு கன்னு போடற சமயம். இவன் போகல. அன்னிக்குப் போன படகு திரும்பல. ஆறு பேரு."

"அதுக்கு உங்க பாட்டன் என்ன பண்ணுவாரு?"

"அதான். செத்தவன் பேரெல்லாம் கோயில் சுவத்துல கல்லுல வெட்டியிருக்கு. சாகாம நின்னவன் பேரை யாரும் சொல்லக்கூடாதுன்னு ஆயிருச்சு. போனவனோட விதவை ஆறு பேரும் அந்தப் பசுவை தினம் பாத்தாங்க இல்ல? பால் குடுத்துக்கிட்டு நின்னுச்சு. யாருக்குத்தான் பொறுக்கும்?"

இருமல் வந்து, போனது.

"இங்க இருக்க முடியாம ஒவ்வொருத்தனா கெளம்பினான். என் தம்பி கனடா போனான். அவன் மகன் கடை வெச்சிருக்கான். வாசல்ல எங்க பேரை ஆளுயரத்துக்கு எழுதி வெச்சிருக்கானாம். சித்தப்பா வகை நியூசிலாந்துல. அங்க ஒரு தெருவுக்கே எங்க பேருதான். பால்காரன் கத்திக் கூப்பிடறானாம். யாரும் முழுகிச் சாகலியாம். உலகமெல்லாம் சொல்றாங்க பெத்தியா. இந்த ஒரு கரையிலதான் இல்ல."

"நீங்களும் போயிருக்கலாமே."

"போயிருக்கலாம். இஸ்பெலோட அம்மா கப்பல் ஏறமாட்டேன்னுட்டா. ஸ்லேட்டர் பொண்ணு, தண்ணியைக் கண்டா பயம். கேட்டா சிரிப்பாங்க."

அந்த வாரம் கடல்மூட்டம் இறங்கியது. வெள்ளைக் கம்பளியைப் போட்டுப் போர்த்தியதுபோலக் கரை முழுக்க மறைந்தது. துறைமுகத்துச் சங்கு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் துணி காயாது, சாயம் போட்ட வலை புழுங்கி நாறும். இஸ்பெல் பின்கட்டு ஜன்னலில் நின்றால் மேட்டு வீட்டுப் புகைபோக்கி தெரியும். புகை வந்தால் அப்பா எழுந்து அடுப்பு மூட்டியிருக்கிறார் என்று நிம்மதி. மூட்டம் வந்தபிறகு அதுவும் தெரியவில்லை. கூண்டில் போட்டதுபோல ஜன்னலுக்கும் தொட்டிலுக்கும் நடந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் என் கதவைத் தட்டாமல் சுவரைத் தட்டினாள். போய்ப் பார்த்தால் பிள்ளையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு நிற்கிறாள்.

"அக்கா, மூட்டத்துல யாரும் பாக்கமாட்டாங்க. வரீங்களா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சால்வையை எடுத்துக்கொண்டேன்.

மேலே போய்க் கதவைத் தள்ளியபோது திறக்கவில்லை. எங்கள் பேச்சுக் குரல் கேட்டு, கிழவர் படுக்கையிலிருந்து இறங்கி வந்து உள்ளே தாழ் போட்டிருக்கிறார். அவ்வளவு தூரம் நடந்ததற்கு அவருக்கு மூச்சு இரைத்தது வெளியே கேட்டது.

"அப்பா, நான்தான். தெறங்க."

"கோயிலுக்குப் போனியா?"

"இல்லப்பா."

"அப்ப போயிட்டு வா."

"உங்களைப் பாக்கணும்ப்பா. பையனைக் கொண்டு வந்திருக்கேன்."

"இஸ்பெல், கேளு." கதவின் மறுபக்கத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார் போலிருந்தது, குரல் கீழிருந்து வந்தது. "திங்கக்கிழமை அத்தனை படகும் வடக்கே போகுது. அதுல ஒண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா, கோயிலுக்குப் போகாத பொண்ணு மேட்டு வீட்டுப் படி மிதிச்சாளாம்பாங்க. எனக்கென்ன, நான் செத்திருப்பேன். நீ அந்தத் தெருவுல இருக்கணும். அந்தப் பிள்ளைங்க இருக்கணும்."

"நீங்களே நம்பறீங்களாப்பா இதை?"

"நம்பறேனா இல்லியான்னு இத்தனை வயசுல எனக்கே தெரியல. தாழ் போடத் தெரியுது."

இஸ்பெல் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டாள். பிள்ளை சிணுங்கியது. உள்ளே ஒரு நிமிஷம் மூச்சு இரைப்பு நின்றது, அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பையனுக்குத் தொண்டை நல்லாயிருக்கு," என்றார். பிறகு, "என் பேரை முழுசா வைக்காதே. கில்பர்ட் சொல்றபடி செய்யி. அந்தப் பேரு கனடாவுல நல்லா இருக்கு, நியூசிலாந்துல நல்லா இருக்கு. இங்க என்னோட முடியட்டும். உனக்கும் வெளியே வர வழி கெடைக்கும்."

"உங்க பேருல பாதியை வெட்டிட்டு வைக்கறதா? ஊருல ஒருத்தரும் அப்படிப் பண்ணினதில்ல. நீங்க செத்த மாதிரி அர்த்தம்."

"சரியான அர்த்தம்தானே," என்றார் கிழவர்.

இறங்கி வரும்போது இஸ்பெல் அழவில்லை. கால் வழுக்குகிற இடங்களில் என் தோளைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

மறுநாள் மூட்டம் விலகியது. ஆலிக் வலைகளைக் கைவண்டியில் ஏற்ற வந்தான். நல்ல பையன் அவன். உயரமும் வெட்கமுமாக, மனைவியைப் பார்க்கும்போது இன்னும் தொப்பியைக் கழற்றுகிறவன். நான் அவர்கள் முற்றத்தில் கிழிந்த வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் எதையும் மறைக்க அவர்கள் முயலவில்லை.

"நாளைக்கு நான் சொல்றேன் இஸ்பெல்," என்றான். "போதகர் கேப்பாரு. நான் முழுப் பேரையும் சொல்லிருவேன். அப்பா என்ன பண்ணினாலும் பண்ணட்டும்."

"இப்ப ஒரு தடவை சொல்லு."

"நாளைக்குச் சொல்றேன்னேனே."

"இப்ப. எனக்கு மட்டும்."

அவன் கைவண்டியைப் பார்த்தான். "படகுக்குப் பாரம் ஏத்திக்கிட்டிருக்கேன்."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் பேரை ஒரு தடவை முழுசா சொன்னதில்ல நீ. கல்யாணம் கேக்க வந்தப்பக்கூட 'மேட்டு வீட்டுப் பொண்ணே'ன்னுதான் கூப்பிட்டே. நான் அப்ப அதைக் கொஞ்சலுன்னு நெனச்சேன்."

"கொஞ்சல்தான்," என்றான் ஆலிக் பரிதாபமாக. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மூச்சு விட இடமில்லை. நாளை பயணம் என்பதால் ஊர் முழுக்க வந்திருந்தது. நீல ஸ்வெட்டருக்கு மேல் கறுப்புக் கோட்டு, ஆணி அடித்த பூட்ஸ். கில்பர்ட் முன்வரிசையில், இருக்கைக் கதவின் கீல் மேல் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் இடத்தில் இரும்பைத் தேடிக்கொண்டார்கள். என் கையும் கொண்டை ஊசிக்குப் போயிருந்தது.

ஆலிக் பிள்ளையை ஏந்திக்கொண்டு முன்னே போனான். போதகர் விரலைத் தண்ணீரில் தோய்த்துக்கொண்டார்.

"பிள்ளையின் பெயர் என்ன?"

"ஆர்ச்சிபால்ட்," என்றான் ஆலிக்.

போதகர் காத்திருந்தார். ஆலிக்கின் வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. விருப்பமில்லாமல் அல்ல, எலும்பு தொண்டையில் மாட்டியவன் முகம்போல இருந்தது அவன் முகம். சின்ன வயதிலிருந்து மூடிப் பழகிய ஒரு கதவு, அவன் தள்ளியும் திறக்கவில்லை. வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது.

"ஆர்ச்சிபால்ட்... ஃபிண்ட்லே என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்றார் போதகர்.

இஸ்பெல் எனக்கு முன்வரிசையில் இருந்தாள். அவள் தோள்கள் கீழே இறங்கியதைப் பார்த்தேன்.

அப்போது கில்பர்ட் பக்கத்தில் எல்ஸ்பெட் எழுந்தாள். எங்கள் கோயிலில் பெண்கள் பாட்டுக்கு மட்டும்தான் வாயைத் திறப்பார்கள்.

"எடுத்துக்க முடியாதுங்க," என்றாள். "பேரு இன்னும் முடியல."

"நீங்கள் யார் அம்மா?"

"ஆலிக்கைப் பெத்தவ. ரெண்டாவது பையனுக்குத் தாயைப் பெத்தவரோட முழுப் பேரு. அதான் இங்க முறை. எங்கம்மாவுக்காகக்கூட நான் முறையைத் தாண்டினதில்ல. எனக்குன்னா கல்லு மாதிரி நிக்கற முறை, இன்னொருத்திக்குன்னா வளையுமா? பையன் பேரு ஆர்ச்சிபால்ட் டால்கார்வி ஃபிண்ட்லே. எழுதிக்கங்க."

ஆலங்கட்டி மழை தகரக் கூரையில் விழுந்ததுபோல ஒரு சத்தம் எழுந்தது. இருக்கைகளின் கீல், பூட்ஸ் ஆணி, பேனாக்கத்தி, சாவிக்கொத்து என்று முந்நூறு கைகள் ஒரே நேரத்தில் எதையோ பற்றின. போதகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெளிவான எடின்பரோ குரலில் இன்னொரு தடவை அந்தப் பெயரைச் சொல்லி, தண்ணீரைத் தெளித்தார். மறுபடியும் அதே சத்தம்.

கில்பர்ட் கண்ணை மூடிக்கொண்டார். "கெடுத்தியே எல்ஸ்பெட்," என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

"கெட்டா கெடட்டும். உக்காருங்க, பாட்டு ஆரம்பிக்கறாங்க," என்றாள் அவள்.

கோயில் விட்டதும் இஸ்பெல் யாருக்காகவும் நிற்கவில்லை. ஆலிக் கையிலிருந்து பிள்ளையை வாங்கினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பாதையில் அவளுக்கு வழி விட்டு ஜனங்கள் ஒதுங்கினார்கள். நான் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

இந்த முறை கதவு தாழிடப்படவில்லை.

"போயிட்டு வந்தேம்ப்பா," என்றாள் வாசலில் நின்று.

"மணிச்சத்தம் கேட்டுது. வா."

உள்ளே போய்ப் பிள்ளையை அவர் மார்பில் கிடத்தினாள். அவர் முகம் அந்த இரண்டு நாளில் இன்னும் சுருங்கியிருந்தது. பிள்ளையின் காதைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன பேரு வெச்சீங்க?"

அவள் சொன்னாள்.

"ஆலிக்கா சொன்னான்?"

"இல்ல." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அத்தை."

"எல்ஸ்பெட்டா!" கிழவருக்குச் சிரிப்பில் இருமல் வந்து நான் தலையைத் தாங்கிப் பிடிக்கவேண்டியிருந்தது.

திங்கட்கிழமை எந்தப் படகும் கிளம்பவில்லை. தெளிந்த வானம், இதமான தென்காற்று. படகுகளின் கொதிகலனில் போட்ட கரி வீணாகப் புகைந்துகொண்டிருந்தது. ஆண்கள் துறைமுகச் சுவரில் வரிசையாகச் சாய்ந்து, போகவேண்டிய கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாளைக்குப் போவோம் என்று பேசி முடித்தார்கள், ஒரு நிபந்தனையோடு: அந்தப் பிள்ளையின் தகப்பன் எந்தப் படகிலும் ஏறக்கூடாது. கில்பர்ட் வாதாடிப் பார்த்ததாகச் சொன்னார்கள். அவர் ஆட்கள் ஐந்து பேர் படுக்கையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டதும் நிறுத்திவிட்டார். சொந்தப் படகில் சொந்த மகனை ஏற்ற முடியவில்லை.

சாயங்காலம் நான் மேட்டு வீட்டில் ஓட்ஸ் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். இஸ்பெல் முந்தின நாளிலிருந்து கீழே இறங்கவில்லை. ஆலிக் வந்து வாசலில் நின்றான், தொப்பி கையில்.

"என் சாமானையெல்லாம் படகுலேந்து எறக்கிக் குடுத்துட்டாங்க," என்றான். "பீப்பாய்க் கிடங்குல கேட்டேன். புதன்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

"ஜன்னல் பக்கம் நிக்காதே, அங்க காத்து அடிக்கும்," என்றார் கிழவர் படுக்கையிலிருந்து. "வடக்கு மூலையில இடம் கேளு. நாப்பது வருஷம் நான் நின்ன இடம்."

ஆலிக் தலையாட்டினான். இஸ்பெல் எனக்கு மாவு பிசைந்து கொடுத்தபடி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தான், விட்டான். பிறகு தொட்டிலாக வைத்திருந்த மீன் கூடைக்குப் பக்கத்தில் போய் மண்டி போட்டான்.

"ஆர்ச்சிபால்ட்," என்றான் பிள்ளையிடம். குரல் நின்றது. "ஆர்ச்சிபால்ட் டா..." மறுபடி நின்றது. கூடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இஸ்பெல் திரும்பினாள்.

"இனிமே போகாம நின்னுபோக எனக்குப் படகே இல்லியே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு, அடைத்திருந்தது உடைந்து வந்ததுபோல, ஒரு கத்தலாக வந்தது: "ஆர்ச்சிபால்ட் டால்கார்வி ஃபிண்ட்லே!" பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. அவன் நிறுத்தவில்லை. நிமிர்ந்து மனைவியைப் பார்த்து, "இஸ்பெல் டால்கார்வி," என்றான். "இஸ்பெல் டால்கார்வி. இஸ்பெல் டால்கார்வி."

அவள் மாவுக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கிழவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தபடியே கையை மட்டும் தூக்கினார்.

"மெதுவா சொல்லுடா," என்றார். "கதவு தெறந்திருக்கு. கீழ கேட்டுதுன்னா நாளைக்கும் படகு போகாது."